நூறு பிள்ளைகளின் அலமாரி

அம்மாவின் கணக்கில் என் உடம்பு முழுக்கச் சூடு. சிங்கப்பூர் வெயில், அலுவலக நாற்காலி, இரவு கண்விழிப்பு, வெந்தயம் ஊறவைத்துக் குடிக்காத சோம்பல் எல்லாம் சேர்ந்து கருப்பையைக் காய வைத்துவிட்டன என்று மன்னார்குடியிலிருந்து ஞாயிறுதோறும் சொல்வார். சைனாடவுனில் நான் போன சின்சேயோ, அதாவது சீன மருத்துவரோ, என் பாதங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேர் எதிராகச் சொன்னார். "கருப்பை குளிர்ந்து கிடக்கிறது. ஐஸ் தண்ணீரை இன்றோடு விட்டுவிடுங்கள்."

அது 2012. எனக்கு 34 வயது. திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே உடம்பைப் பற்றி இரண்டு பெரியவர்கள் இப்படி எதிரெதிராகச் சொன்னது எனக்குக் குழப்பத்தைத் தரவில்லை, ஆறுதலைத்தான் தந்தது. இருவருமே என் உடம்புக்காகக் கவலைப்பட்டார்கள். மற்றவர்கள் எல்லாரும் அதுவரை என்னிடம் கேட்டது "விசேஷம் ஏதும் உண்டா?" என்பதை மட்டும்தான்.

போன மாதம் அலுவலகத்தில் என்னைவிட மிகவும் இளைய தோழி ஒருத்தி, மதிய உணவுக்குப் பிறகு தயங்கித் தயங்கி, "அக்கா, நீங்கள் போன சின்சேயின் முகவரி கிடைக்குமா?" என்று கேட்டாள். உடனே கொடுத்துவிட முடியவில்லை. இடையில் ஓர் ஆண்டு நீங்கலாக 2019 வரை அங்கே போய் வந்தவள் நான். முகவரியோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை நிறைய இருந்தன. நடைபாதையில் நின்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

சீன மருத்துவரைச் சின்சே என்று சொல்வது சிங்கப்பூரில் எல்லா இனத்தாரிடமும் உள்ள வழக்கம். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு நான் வெள்ளிக்கிழமை தவறாமல் போவேன். 1827இல் எழுந்த கோயில். பக்கத்துப் பகோடா தெருவுக்கு அந்தப் பெயர் வந்ததே நம் கோபுரத்தால்தான். கோயிலை விட்டு வெளியே வந்து இரண்டு தெரு நடந்தால் விபூதி மணம் போய் வேறொரு வாசனை மூக்கில் ஏறும். ஈர மண்ணும் வெல்லப்பாகும் ஓமமும் கலந்தது போன்ற வாசனை. ஒரு வெள்ளிக்கிழமை அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய்விட்டேன்.

கடையின் பின்சுவர் முழுவதும் மர இழுப்பறைகள். ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். பித்தளை வளையம், மேலே சீன எழுத்து. கடையில் வேலை செய்த பெரியவர் பார்க்காமலேயே கை நீட்டி இழுத்து, ஒரு பிடி வேரை எடுத்து, கையில் தொங்கும் சிறு தராசில் நிறுத்து, காகிதத்தில் கொட்டிக்கொண்டிருந்தார். இந்த அலமாரிக்கு என்ன பெயர் என்று பேச்சுக்காகத்தான் கேட்டேன். "பாய் ட்ஸு குவெய்" என்றார். பிறகு ஆங்கிலத்தில் விளக்கினார். நூறு பிள்ளைகளின் அலமாரி. சிறு அறை ஒவ்வொன்றையும் அந்தப் பெரிய மரப்பெட்டி பெற்ற பிள்ளையாகச் சொல்வது அவர்கள் வழக்கமாம். அவர் சொல்லிவிட்டு அடுத்த பொட்டலத்தைக் கட்டத் தொடங்கினார். நான் அந்த இழுப்பறைகளை மேலிருந்து கீழாக எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

சின்சே அறுபதைத் தாண்டிய பெண்மணி. மேசைமேல் சீட்டுக்கட்டு அளவுக்கு ஒரு தலையணை. அதில் மணிக்கட்டை வைக்கச் சொல்லி மூன்று விரல்களை வரிசையாகப் பதித்தார். லேசாகத் தொட்டார், அழுத்தினார், மேலும் அழுத்தினார். இடது கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம். வலது கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடியும் சிறுநீரகம். விரலுக்கு ஓர் உறுப்பு. நம் ஊரில் நாடி பார்ப்பவரும் மூன்று விரல்தான் வைப்பார். வாதம், பித்தம், கபம் என்று விரலுக்கு ஒன்றைக் கேட்பார். விரல்கள் நின்ற இடம் அதேதான், கேள்விதான் வேறு. நாக்கை நீட்டச் சொல்லி, ஓரங்களில் பல் பதிந்திருப்பதைக் குறித்துக்கொண்டார்.

பிறகு கேட்கத் தொடங்கினார். மாதவிலக்கின்போது வருவது சிவப்பா, பழுப்பா? கட்டியாக வருகிறதா? வலி முதல் நாளுக்கு முன்பா, பின்பா? வயிற்றில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் இதமாக இருக்கிறதா? இரவு எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது? யாரிடம் கோபம்? நாற்பது நிமிடம் இப்படியே போனது. என்னைப் பெற்றவளும் கேட்காத கேள்விகள். மருத்துவமனையில் எனக்குக் கிடைத்தது ஏழெட்டு நிமிடம். அங்கே கேட்டவை நாட்களும் எண்களும். அந்த எண்களின் அருமை எனக்குப் பிறகு தெரிந்தது. ஆனாலும் அன்று அந்த நாற்பது நிமிடம் எனக்கு மிகவும் தேவைப்பட்டது.

சீன மருத்துவத்தில் பிள்ளைப்பேறு சிறுநீரகத்தில் தொடங்குகிறது. அவர்கள் சொல்லும் சிறுநீரகம் சிறுநீர் பிரிக்கும் உறுப்போடு நின்றுவிடுவதில்லை. 'ஜிங்' எனப்படும் சாரத்தைச் சேர்த்து வைக்கும் களஞ்சியம் அது. பிறக்கும்போது பெற்றோர் கொடுத்தது, வாழ வாழக் கரைவது. மஞ்சள் பேரரசர் பெயரால் வழங்கும், ஈராயிரம் ஆண்டுப் பழமையான மருத்துவ நூல் பெண்ணின் வாழ்வை ஏழேழாகப் பிரிக்கிறது. 7 வயதில் பால்பற்கள் மாறும், 14இல் பூப்பு, 28இல் உடம்பு உச்சத்தில் நிற்கும், 35இல் முகம் வாடத் தொடங்கும், முடி உதிரும், 49இல் மாதவிலக்கு நிற்கும். 35க்குப் பிறகு கருமுட்டைகள் வேகமாகக் குறையும் என்று மருத்துவமனையில் சொல்வதும் ஏறக்குறைய அதே இடத்தைத்தான் தொடுகிறது. சின்சே இதை என்னிடம் மறைக்கவில்லை. ஐந்தாவது ஏழு நெருங்குகிறது, நாளைக் கடத்த வேண்டாம் என்று முதல் நாளே சொன்னார்.

அடுத்து அவர் கேட்டதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "உங்கள் கணவர் எங்கே?"

ஆறு ஆண்டுகளில் எங்கள் இரண்டு குடும்பங்களிலும் யாரும் கேட்காத கேள்வி அது. ராமேஸ்வரத்தில் மூழ்கியது நான், அரச மரத்தில் தொட்டில் கட்டியது நான், செவ்வாய் வெள்ளி விரதம் இருந்தது நான். அந்தப் பழைய நூல் ஆணுக்கும் கணக்கு வைத்திருக்கிறது. ஆணுக்கு எட்டெட்டு: 16இல் பருவம், 32இல் உச்சம், 64இல் முடிவு. ஆண்களுக்கென்றே ஐந்து விதைகளைச் சேர்த்துச் செய்யும் மாத்திரையும் உண்டு. கோஜி பழமும் சடதாரி விதையும் அதில் அடக்கம். அடுத்த வாரம் அவரையும் அழைத்துப் போனேன். சின்சே அவருடைய கையைத்தான் முதலில் தலையணையில் வைக்கச் சொன்னார். நாடி பார்த்து முடித்து, "இது போதாது, மருத்துவமனையில் விந்துப் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள்" என்றார். எண்ணிக்கை சரியாக இருந்தது. நகரும் வேகம் குறைவு. அன்று இரவு என் கணவர் நெடுநேரம் பால்கனியில் நின்றார். மறுநாள் ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது, நான் கேட்காமலேயே, அதைத் தம் அம்மாவிடம் சொன்னார். அதன்பிறகு எனக்கு ஊரிலிருந்து லேகியம் வரவில்லை.

எனக்குக் கொடுத்த மருந்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் ஷான்சி மாகாணத்தில் ஃபூ சிங்ட்சூ என்ற மருத்துவர் இருந்தார். 1607இல் பிறந்து 1684இல் மறைந்தவர். ஓவியர், எழுத்துக்கலைஞர், மிங் அரசு வீழ்ந்த பிறகு புதிய அரசில் பதவி ஏற்க மறுத்தவர். அவர் பெயரில் வழங்கும் மகளிர் மருத்துவ நூல், பெண்ணுக்குக் கரு தரிக்காததைப் பத்து வகையாகப் பிரிக்கிறது. மெலிந்த உடம்பு ஒன்று, பருத்த உடம்பு ஒன்று, அடிவயிறு பனிபோலக் குளிர்ந்திருப்பது ஒன்று. அந்தப் பத்தில் ஒன்றின் பெயர் பொறாமை.

சின்சே அந்தச் சொல்லைச் சொன்னபோது எனக்கு முகம் சிவந்துவிட்டது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் நாத்தனாரின் வளைகாப்புக்கு ஊருக்குப் போயிருந்தேன். வளையல் தட்டு என் முன்னால் வந்து, சற்றுத் தயங்கி, எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவரிடம் போனது. யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்கு வந்ததைப் பொறாமை என்று இவர் சொல்கிறாரா? அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மருந்தின் பெயரைச் சொன்னார். கை யூ ஜோங் யூ தாங். அடைபட்ட துயரைத் திறந்து ஜேட் பச்சைக்கல்லை நடும் கஷாயம். கல்லீரலில் 'சீ' என்னும் உயிர்க்காற்று ஓடாமல் கட்டிப் போவதால் வருவது என்பது அவர்கள் விளக்கம். கட்டு அவிழ்ந்தால் விதை ஊன்றும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆண் மருத்துவர், பிள்ளையில்லாத பெண் பிறர் பிள்ளையைப் பார்க்கும்போது நெஞ்சில் அடைப்பதைக் கண்டு, அதற்கும் மருந்து எழுதி, அந்த மருந்துக்கு இப்படி ஒரு பெயரும் வைத்திருக்கிறார். அந்தச் சிறு அறையில் நான் அழுதேன். சின்சே தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சீட்டை எழுதிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தேன். வெள்ளைப் பியோனி வேர்ச் சீவல்கள், டாங் குவெய் வேர், கடையில் வீசிய ஓம வாசனைக்குக் காரணம் அதுதான், இன்னும் நாலைந்து. அவற்றுக்கிடையில் கறுத்து முடிச்சு முடிச்சாக ஒன்று. எடுத்து முகர்ந்ததும் எனக்குப் பாட்டி வீட்டுக் கிணற்றடி வந்துவிட்டது. கோரைக்கிழங்கு! குளியல் பொடிக்கு அரைக்க முற்றத்தில் காய வைத்திருப்பாரே, அதே கிழங்கு. சீனத்தில் அதன் பெயர் சியாங் ஃபூ. கல்லீரலின் கட்டை அவிழ்க்கவும் மாதவிலக்கைச் சீராக்கவும் முதன்மையாகப் பயன்படுவது. வயலில் களை என்று பிடுங்கி எறிகிற கோரையை, கடல் கடந்து வந்து, கிராம் கணக்கில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

மூன்று கிண்ணம் தண்ணீரை ஒரு கிண்ணமாக வற்றவிட வேண்டும். மண் குடுவையில் சிறு தீ. எங்கள் அடுக்குமாடி வீட்டில் நாற்பத்தைந்து நிமிடம் அந்த வாசனை பரவி, எதிர்வீட்டுச் சீனப் பாட்டி மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் உலர்ந்த பிளம் பழம் ஒரு பொட்டலம் கதவில் தொங்கியது, கசப்புக்குப் பிறகு வாயில் போட்டுக்கொள்ள. காலையில் எழுந்ததும் வாய்க்குள் வெப்பமானி வைத்துத் தாளில் புள்ளி போட வேண்டும். கருமுட்டை வெளிவந்தபின் வெப்பம் அரை டிகிரிக்குள் ஏறும். அந்தக் கோட்டைப் பார்த்து மாதத்தை நான்கு கட்டமாகப் பிரித்து மருந்தை மாற்றினார். எனக்கு வலி குறைந்தது. கால் சூடானது. பத்து ஆண்டுகளாக வராத தூக்கம் வந்தது. இவை கஷாயத்தால் என்று நான் நம்புகிறேன். கரு தரிக்கவில்லை.

இப்போது சொல்லப்போவதை என் தோழி கட்டாயம் படிக்க வேண்டும். 2013இல் உறவினர் ஒருவர் வேறு ஒரு சீன மருத்துவ நிலையத்தைப் பரிந்துரைத்தார். பளபளப்பான இடம். சுவரில் குழந்தைகளின் படங்கள். ஓர் ஆண்டுத் தொகுப்புக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, "உடம்பைத் தயார் செய்யாமல் மருத்துவமனைக்குப் போனால் வீண். ஒரு வருடம் அந்தப் பக்கமே போகாதீர்கள்" என்றார்கள். படித்தவள்தான் நான். இருந்தும் கேட்டேன். ஊசிகளைவிட, ஹார்மோன்களைவிட, மறுபடியும் தோற்பதைவிட, கஷாயம் குடித்துக் காத்திருப்பது எளிதாக இருந்தது. 2014இல் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரிந்தது: ஒரு கருக்குழாய் முழு அடைப்பு, மற்றது பாதி. எந்த வேரும் எந்த விதையும் அந்தக் குழாயைத் திறந்திருக்க முடியாது. எனக்கு 36 வயது ஆகியிருந்தது. அந்த ஓர் ஆண்டை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

பழைய சின்சேயிடம் திரும்பி வந்து படத்தைக் காட்டினேன். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. "குழாய் அவர்கள் வேலை. உங்களைத் தூங்க வைப்பது என் வேலை" என்றார். உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் ஐவிஎஃப் சிகிச்சை தொடங்கிய அன்று கஷாயம் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். மருத்துவமனை கொடுக்கும் ஹார்மோன்களோடு வேர்கள் என்ன செய்யும் என்று தம்மால் உறுதி சொல்ல முடியாது என்றார். அந்த நேர்மைக்காகவே அவர்மேல் எனக்கு இருந்த மதிப்பு இரட்டிப்பானது.

அக்குபங்சர் மட்டும் தொடர்ந்தது. கருவைக் கருப்பைக்குள் வைக்கும் நாளில், வைப்பதற்கு முன்பும் பின்பும் ஊசி. காலில், வயிற்றில், காதில், உச்சந்தலையில். மயிரிழைபோல மெல்லிய ஊசி. வலி இல்லை, கனமான ஒரு குறுகுறுப்பு மட்டும். இந்த வழக்கம் உலகம் முழுக்கப் பரவியதற்குக் காரணம் 2002இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஆய்வு. 160 பெண்கள், ஊசி போட்டுக்கொண்டவர்களில் 42.5 விழுக்காட்டினர் கருவுற்றார்கள், போடாதவர்களில் 26.3. என் காலத்தில் இந்த எண்களைச் சொல்லாத அக்குபங்சர் நிலையமே இல்லை. நானும் மனப்பாடமாக வைத்திருந்தேன். மூன்று முறை கரு வைத்தார்கள். மூன்று முறையும் நிற்கவில்லை.

2018இல், ரயிலில் வேலைக்குப் போகும்போது, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வைப் படித்தேன். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஐவிஎஃப் செய்துகொண்ட 848 பெண்கள். பாதிப் பேருக்கு உண்மையான ஊசி, மீதிப் பேருக்குத் தோலைத் துளைக்காத போலி ஊசி. உயிருடன் குழந்தை பெற்றவர்கள் உண்மை ஊசியில் 18.3 விழுக்காடு, போலியில் 17.8. வேறுபாடு இல்லை என்றே பொருள். அதற்கு முந்தைய ஆண்டு சீனாவிலேயே, 21 ஆய்வு மையங்களில், சினைப்பை நீர்க்கட்டி உள்ள 1,000 பெண்களிடம் நடந்த ஆய்வும் அதைத்தான் சொன்னது. கருமுட்டை வெளிவரத் தூண்டும் குளோமிஃபீன் மாத்திரை சாப்பிட்டவர்களில் 29 விழுக்காடு அளவில் குழந்தை பெற்றார்கள். அக்குபங்சர் மட்டும் பெற்றவர்களில் 13.9, போலி ஊசியும் வெற்று மாத்திரையும் பெற்றவர்களில் 16.8. அதை முன்னின்று நடத்தியது ஒரு சீன மருத்துவப் பல்கலைக்கழகம். தங்கள் கைத்தொழிலையே தராசில் வைத்து, தட்டு எந்தப் பக்கம் சாய்ந்ததோ அதை அப்படியே அறிவித்தவர்களை நான் வணங்குகிறேன்.

படித்து முடித்து, இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன். ஏமாற்றப்பட்டதாகத் தோன்றவில்லை. கரு வைத்த அந்த மூன்று நாட்களிலும் நான் நடுங்காமல் படுத்திருந்தது அந்த ஊசிகளால்தான். குழந்தைக்கான மருந்து என்று அதை விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று. மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை என்று நம் வீடுகளில் சொல்வார்கள். எனக்கு எழுதிய கஷாயத்தின் மூலக் குறிப்பில் தியான் ஹுவா ஃபென் என்ற கிழங்கு உண்டு. அதிலிருந்து எடுத்த புரதம் சீனாவில் கருக்கலைப்புக்கு ஊசியாகப் பயன்பட்டது. கரு தரித்திருக்கக்கூடிய நாட்களில் சின்சே அதை எடுத்துவிடுவார். இணையத்தில் குறிப்பைப் பார்த்துத் தாமாக வாங்குபவருக்கு அது எப்படித் தெரியும்? டாங் குவெய் இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்தோடு சேரக் கூடாது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கும் மாத்திரையில் ஒரு சீன வேருக்குப் பதிலாக அதே போன்ற பெயருள்ள வேறொரு வேர் கலந்துவிட, நூறு பெண்கள் அளவில் சிறுநீரகம் கெட்டது. சிங்கப்பூரில் 2000இல் சட்டம் வந்து, சீன மருத்துவர்கள் பதிவு செய்த பிறகே தொழில் செய்ய முடியும். சுவரில் குழந்தைப் படங்களைப் பார்ப்பதற்கு முன் பதிவுச் சான்றிதழைப் பார்க்க வேண்டும்.

2019இல், 41 வயதில், போதும் என்று இருவரும் முடிவு செய்தோம். சொல்லிவிட்டு வரச் சின்சேயிடம் போனேன். வழக்கம்போல நாடி பார்த்தார். "கல்லீரல் நன்றாக ஓடுகிறது" என்றார். இன்றும் நான் ஐஸ் தண்ணீர் குடிப்பதில்லை. அம்மா சொன்ன வெந்தயத்தையும் ஊறவைத்துக் குடிக்கிறேன்.

நேற்று தோழியிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். முதல் வரியில் அவளுடைய இரத்தப் பரிசோதனைகள், கருக்குழாய்ப் படம். இரண்டாம் வரியில் அவள் கணவருக்கான பரிசோதனை. மூன்றாவதாக மருத்துவமனையில் முன்பதிவு; இரண்டு மருத்துவரிடமும் மற்றவர் கொடுத்த மருந்துச் சீட்டைக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு. கடைசியில் முகவரி. சின்சே இப்போது வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருகிறார்.

அவள் இரண்டு முறை படித்துவிட்டு, "அவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டுமா, அக்கா?" என்று கேட்டாள்.

"ஆமாம். சின்சே அவருடைய கையைத்தான் முதலில் கேட்பார்" என்றேன்.